சிறிய மின்தொகுப்புகளுக்குக் காவல்

பெரம்பலூரும் அரியலூரும் பிரிவதும் சேர்வதுமாகவே வளர்ந்த ஜில்லாக்கள். 1995-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் தனியாயிற்று. அதிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007-இல் திரும்பவும் தன் வழியே சென்றது. இவையெல்லாம் அரசாங்கக் காகிதத்தில் நிகழ்ந்த காரியங்களாதலால், யாருடைய தேகத்துக்கும் யாதொரு ஊறும் நேரவில்லை. ஆனால் ஒரு மின்தொகுப்பு தாய்த் தொகுப்பினின்று பிரிவதென்பதும், பிரிந்து சிறிது நேரம் தன்னந்தனியே நின்று மறுபடியும் அதனோடு சேர்வதென்பதும் அவ்வளவு சாதுவான விஷயங்களல்ல. ஒரு விநாடியின் சிறு பின்னத்துக்குள் அந்தப் பிரிவு கிரமமாக நடைபெறாவிட்டால் யந்திரங்கள் கருகும். கம்பத்தின்மேல் நிற்கும் மனிதனின் உயிரும் போகலாம்.

இந்தப் பிரதேசத்தைத் தேர்ந்தெடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியாயிருந்து, இன்று நத்தைக்கூடுகளும் சிப்பிகளும் கல்லாகிக் கிடக்கும் அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையை நம்பிப் பெரிய சிமெண்ட் ஆலைகள் எழும்பியிருக்கின்றன. அவற்றுள் சில, நிலக்கரியை எரித்துத் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உற்பத்தி செய்துகொண்டு, அதே சமயத்தில் மாநில மின்தொகுப்போடும் இணைந்து ஓடுகின்றன. பெரம்பலூர்ப் பக்கத்தில் எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்புச் சக்கையை எரித்து ஆவி யந்திரத்தைச் சுழற்றுவது சர்க்கரை ஆலைகளின் பழைய வழக்கம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கரிசல் காடுகளில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் மும்முனை மின்சாரத்துக்காகக் காத்திருந்த காலம் மாறி, 2019-இல் தொடங்கிய குசும் திட்டத்தின் பயனாகச் சூரியத் தகடுகளும், வயலோரத்தில் அரை மெகாவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சிறு சூரிய நிலையங்களும் துணை மின்நிலையத்திலிருந்து ஊர்களுக்கு ஓடும் கம்பியாகிய பீடரின் நடுவிலேயே வந்து உட்காரத் தகுந்த காலம் பிறந்திருக்கிறது. 2024-இல் வந்த சூரியவீடு திட்டம் மொட்டைமாடிகளையும் மின்நிலையங்களாக்கியது. 1937-இல் இயங்கத் தொடங்கிய மேட்டூரிலிருந்தும், 1962-இல் இயங்கத் தொடங்கிய நெய்வேலியிலிருந்தும் இறங்கி வந்த மின்சாரம் இப்பொழுது கடைக்கோடியிலும் பிறக்கிறது. காவல் முறைகளோ, அது ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வரும் என்ற நம்பிக்கையின்மீது கட்டப்பட்டவை.

மின்பழுது என்பது யாது? கம்பிக்குள் ஓடவேண்டிய மின்சாரம், கம்பியை விட்டு வேறொரு வழியைக் கண்டுகொள்வதே பழுது. இரண்டு கம்பிகள் காற்றில் உரசினாலும், பனைமட்டை குறுக்கே விழுந்தாலும், மயிலொன்று ஒரு சிறகால் கம்பியையும் மறு சிறகால் இரும்புக் கம்பத்தையும் தொட்டாலும் அந்த வழி பிறந்துவிடுகிறது. வானத்துக் கம்பிகளில் நேரும் பழுதுகளில் நூற்றுக்கு எண்பது கணநேரத்தில் தாமே மறையக்கூடியவை என்பது பொறியாளர்களின் பொதுவான கணக்கு. மட்டை கீழே விழுந்துவிடும், மயிலின் கதை முடிந்துவிடும், கம்பி பழையபடி இருக்கும்.

அரியலூருக்கென்று ஒரு விசேஷப் பழுதும் உண்டு; அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளும் ஆலைகளும் எழுப்பும் மாவு போன்ற தூள், பீங்கான் இன்சுலேட்டர்களின்மேல் படிகிறது. உலர்ந்திருக்கும் வரையில் அந்தத் தூளால் கெடுதல் இல்லை. மார்கழி விடியற்காலையில் பனி இறங்கும்போதோ, கோடைக்குப்பின் முதல் தூறல் விழும்போதோ, அதிலுள்ள உப்புகள் ஈரத்தில் கரைந்து, பீங்கானின் மேற்பரப்பு முழுவதும் மின்சாரத்தைக் கடத்தும் ஒரு மெல்லிய படலமாக மாறுகின்றன. அதன் வழியே கசியும் சிறு மின்னோட்டம் படலத்தைச் சூடாக்கி, ஆங்காங்கே உலர்த்தி, உலர்ந்த இடத்தைத் தாவும் சிறு பொறிகளை உண்டாக்கி, இறுதியில் இன்சுலேட்டரின் தலையிலிருந்து அடிவரை ஒரே சுடராகப் பாய்ந்துவிடுகிறது. ஆதலால் இங்கே பெருமழையைவிடப் பனியே அதிக அபாயகரமானது. சாதாரணத் தூசியாயிருந்தால் அடுத்த மழை கழுவிவிடும். சிமெண்ட் தூளோ நனைந்து உலர்ந்து, தன் இயல்புப்படி, பீங்கானோடு பீங்கானாக இறுகிக் கல்லாகிவிடுகிறது. பிறகு ஆளேறிச் சுரண்டியெடுப்பதும், சிலிக்கோன் பூச்சுப் பூசுவதும், நீண்ட உடலுள்ள இன்சுலேட்டர்களை மாட்டுவதுமே பரிகாரம். பழுதை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யும் ரிலே எவ்வளவு புத்திசாலியானாலும், இன்சுலேட்டரைத் துடைக்காத குறையை ஈடுசெய்யாது.

பழுது நேர்ந்தபின் அதைக் கண்டுபிடித்து அறுப்பதற்கு நம் முன்னோர் கையாண்ட உபாயம் மிகவும் எளியது: மின்னோட்டம் அளவுக்கு மீறினால் பழுது என்று கொள்வது. ஊர்த் தெருமுனையில் நிற்கும் 100 கிலோவோல்ட்-ஆம்பியர் டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். அதன் தாழ்வழுத்தப் பக்கத்தில் 433 வோல்ட்டில் முழுச் சுமைக்கு ஏறக்குறைய 133 ஆம்பியர் ஓடும். டிரான்ஸ்பார்மரின் உள்தடை நூற்றுக்கு நாலரை என்று வைத்துக்கொண்டால், அதன் வாயிலிலேயே குறுக்குச் சுற்று நேரும்போது பாயக்கூடியது ஏறத்தாழ 3,000 ஆம்பியர். வழக்கமான சுமையைப்போல இருபத்திரண்டு மடங்கு! பியூஸ் கட்டையிலுள்ள கம்பிக்கு இதைவிடத் தெளிவான செய்தி வேண்டியதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் உருகி, பழுதான பகுதியைத் துண்டித்துவிடும். துணை மின்நிலையத்து ரிலேயும் இதே தத்துவத்தைத்தான் சற்று நிதானத்தோடு அனுசரிக்கிறது. மின்னோட்டம் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு விரைவில் அது பிரேக்கர் என்னும் துண்டிப்பானைத் திறக்கும். பெரும்பாலும் பயன்படும் வளைகோட்டின்படி, நேரத் திருகு முழு அளவில் இருந்தால், நிர்ணயித்த அளவைப்போல் பத்து மடங்கு ஓடும்போது 3 விநாடியிலும், இரண்டு மடங்கு ஓடும்போது 10 விநாடியிலும் ரிலே செயற்படும். திருகைக் குறைத்து வைத்து, கடைக்கோடியில் இருப்பது முதலிலும் மூலத்தில் இருப்பது கடைசியிலும் திறக்குமாறு ஒழுங்கு செய்வார்கள். ஒரு தெருவில் பழுதானால் அந்தத் தெரு மட்டும் இருளும், ஊர் முழுதும் இருளாது. நூறாண்டுகளாகச் செவ்வனே நடந்துவரும் ஏற்பாடு இது.

இப்பொழுது அதே ஊர், தாய்த் தொகுப்பிலிருந்து விலகி, 100 கிலோவாட் சூரியத் தகடுகளையும் பாட்டரியையும் மட்டுமே ஆதாரமாகக் கொண்டு ஓடுவதாக வைத்துக்கொள்வோம். தகடுகளிலிருந்து வரும் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர் என்னும் சாதனத்தின் உள்ளே இருப்பவை குறைகடத்திச் சுவிட்சுகள். அளவுக்கு மீறிய வெப்பத்தை அவை ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்குகூடத் தாங்கமாட்டா. ஆதலால் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு இன்வெர்ட்டர், எப்பேர்ப்பட்ட பழுதானாலும், வழக்கமான சுமையைப்போல் ஒன்றேகால் மடங்குக்குள் தன் மின்னோட்டத்தை நிறுத்திக்கொள்கிறது. 139 ஆம்பியர் தரவேண்டிய சாதனம் பழுதின்போது சுமார் 170 ஆம்பியர் தரும், அவ்வளவுதான். 3,000 ஆம்பியரை எதிர்பார்த்து 200 ஆம்பியர் பியூஸ் மாட்டியிருந்தால், அது உருகவே உருகாது. 139 ஆம்பியருக்கு நிர்ணயித்த ரிலே மாட்டியிருந்தால், 1.2 மடங்குக்கு அதே வளைகோட்டின்படி கணக்கிட்டுப் பார்க்க, ஏறக்குறைய 38 விநாடி காத்திருக்கும். அத்தனை விநாடி ஒரு குறுக்குச் சுற்று எரிந்துகொண்டிருப்பதென்பது கூரை வீட்டுத் தெருவில் நினைத்துப் பார்க்கத்தக்கதன்று. சிறுதொகுப்பின் காவலில் உள்ள சகல சிக்கல்களுக்கும் மூலம் இதுவே: பெரிய தொகுப்பில் பழுது தன்னைத்தானே உரக்க அறிவித்துக்கொள்கிறது, சிறிய தொகுப்பிலோ அது சாதாரணச் சுமையின் வேஷத்தில் நிற்கிறது.

சர்க்கரை ஆலையின் சுழலும் ஜெனரேட்டர் இதற்கு நேர்மாறானது. இரும்பும் தாமிரமுமான அந்த யந்திரம் பழுதின் முதல் கணங்களில் தன் அளவைப்போல் ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டத்தைக் கொட்டும். அங்கே தொல்லை வேறு வகையினது. ஒரே துணை மின்நிலையத்திலிருந்து இரண்டு பீடர்கள் புறப்பட, ஒன்றின் மத்தியில் இத்தகைய ஜெனரேட்டர் இருந்து, மற்றதில் பழுது நேர்ந்தால், ஜெனரேட்டரின் மின்னோட்டம் தன் பீடரின் வழியே பின்னோக்கி நிலையத்துக்குள் புகுந்து பழுதான பீடருக்கு ஓடுகிறது. மின்னோட்டத்தின் அளவை மட்டுமே அறிந்து திசையை அறியாத ரிலே, ஒரு குற்றமும் செய்யாத பீடரையும் சேர்த்துத் துண்டித்துவிடுகிறது. திசையறியும் ரிலேக்கள் இதற்கென்றே உண்டானவை.

சிறுதொகுப்பு என்பது ஏதோ வருங்காலத்துக் கற்பனை என்று எண்ணுபவர்கள் அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளைப் பார்க்கவேண்டும்; சொந்த மின்நிலையம் உள்ள எந்த ஆலைக்கும் அது நெடுநாளைய அநுபவம். சுழலும் சூளைக்குள்ளே கற்குழம்பு 1,450 டிகிரி வெப்பத்தை எட்டுகிறது. மின்சாரம் நின்று அந்த இரும்பு உருளை சுழலாமல் கிடந்தால், ஒரு பக்கம் மட்டும் சூடேறித் தன் பாரத்தாலேயே வளைந்துவிடும். அதற்காகவே டீசல் யந்திரத்தால் மெல்ல மெல்ல உருட்டும் துணை ஏற்பாடு ஒன்றை வைத்திருப்பார்கள். ஆயினும் மின்சாரம் நிற்காமலிருப்பதே உத்தமமல்லவா? ஆகையால் வெளியே உள்ள உயரழுத்தக் கம்பியில் இடிவிழுந்து அழுத்தம் சரிந்தவுடன், ஆலையின் ஜெனரேட்டர் அந்தப் பழுதுக்குத் தன் சக்தியையெல்லாம் இறைத்துவிடாதபடி, வாயிலிலுள்ள இணைப்பு பிரேக்கர் திறந்து ஆலை ஒரு தீவாகிவிடுகிறது. திறக்கும் சமயத்தை நிர்ணயிப்பதில்தான் சாமர்த்தியம். வெளியே ஓடும் மின்னோட்டத்தின் திசை, அழுத்தத்தின் வீழ்ச்சி, அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும் வேகம் ஆகிய மூன்றையும் ரிலேக்கள் ஒருங்கே நோக்கியிருக்கும்.

தீவானபின் வேறொரு சங்கடம். வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த சக்தி நின்றுவிட்டபடியால், ஆலையின் தேவை ஜெனரேட்டரின் ஆற்றலை மீறி, அதிர்வெண் விழத் தொடங்கும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பியின் வழியாகத் தென்னிந்தியத் தொகுப்பு மற்றத் தொகுப்புகளோடு இணைந்து தேசம் முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் ஓடத் தொடங்கியது முதல், ஓர் ஆலையின் மோட்டார் நின்றாலும் ஓடினாலும் அதிர்வெண்ணில் அசைவே தெரியாது. தீவாகிய ஆலையிலோ ஒவ்வொரு மோட்டாரும் அதை அசைக்கும். எனவே முதலில் அரைவை ஆலைகளைத் துண்டித்து, சூளையின் மோட்டாரையும், குளிர்விக்கும் விசிறிகளையும், கொதிகலனுக்கு நீர் ஊட்டும் பம்புகளையும் காப்பாற்றிக்கொள்ளும் வரிசையை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் கணத்திலேயே ரிலேக்களின் நிர்ணய அளவுகளும் மாறவேண்டும். இக்காலத்து எண்முறை ரிலேக்களில் இணைந்திருக்கும்போது ஒரு தொகுதியும் தீவாயிருக்கும்போது வேறொரு தொகுதியுமாக அளவுகளைப் பதிந்துவைக்க முடிகிறது. மறுபடியும் சேரும்போதோ, அழுத்தமும் அதிர்வெண்ணும் அலையின் கட்டமும் இருபுறமும் ஒத்துவரும் வரையில் பிரேக்கரை மூடவிடாமல் காவல்காக்கத் தனி ரிலே உண்டு. அவசரப்பட்டு மூடினால் ஜெனரேட்டரின் தண்டே முறுக்கிக்கொள்ளும். ஆலைகளில் இவ்வளவையும் செய்வதற்குச் சம்பளம் பெறும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஓர் ஊராட்சிக்கு யார் இருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். மும்முனைத் தொகுப்பின் நடுப்புள்ளி எங்கேனும் ஓரிடத்தில் பூமியோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருப்பதனால்தான், ஒரு முனை மண்ணைத் தொட்டதும் போதிய மின்னோட்டம் ஓடி ரிலேயை எழுப்புகிறது. 11,000 வோல்ட் பீடருக்கு அந்தப் பிணைப்பு துணை மின்நிலையத்தில் இருக்கிறது. பீடர் தனித் தீவாகும்போது நிலையத்தோடு அந்தப் பிணைப்பும் போய்விடுகிறது. சூரிய நிலையத்து டிரான்ஸ்பார்மர் உயரழுத்தப் பக்கத்தில் முக்கோணக் கட்டாயிருந்தால், தீவுக்குப் பூமியே இல்லை. அந்நிலையில் ஒரு முனை மண்ணைத் தொட்டால், மற்ற இரு முனைகளும் பூமியைக் குறித்து 6,350 வோல்ட்டிலிருந்து 11,000 வோல்ட்டுக்கு ஏறுகின்றன. 9 கிலோவோல்ட் அளவுள்ள இடிதாங்கிகள் வெடிக்கின்றன. தீவுக்கென்று தனியாக ஒரு பூமிப் பிணைப்பு டிரான்ஸ்பார்மர் வைப்பதே தீர்வு. அதன் குழாயைப் புதைக்கும் மண்ணும் சாமான்யமானதல்ல. கரிசல் மண் ஈரமாயிருக்கையில் மின்சாரத்துக்கு நல்ல நண்பன். சித்திரை, வைகாசியில் வெடித்துப் பிளந்து எர்த் பைப்பை விட்டே விலகி நிற்கும். சுண்ணாம்புப் பாறையோ எக்காலத்திலும் உதவாது. கரியும் உப்பும் இட்டுத் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஊற்றுவதற்கு ஆள் வேண்டும். ஐப்பசி மழையில் அளந்த தடையைக் கோடைக்கும் செல்லுபடியாக்குவது ஏமாற்று.

எல்லாவற்றிலும் கொடியது அறுந்து விழுந்த கம்பி. காய்ந்த சரளைப் பாதையில் உயரழுத்தக் கம்பி விழுந்து கிடந்தால், அதன் வழியே மண்ணில் இறங்கும் மின்னோட்டம் சில ஆம்பியருக்கு மேற்படாமலும் இருக்கலாம். ஒரு சிறு மோட்டாரின் சுமைக்கும் இதற்கும் ரிலேக்கு வித்தியாசம் தெரியாது, பீடர் உயிரோடிருக்கும், ஆடோ மனிதனோ மிதிக்கும் வரையில் எவருக்கும் தெரியாது. பெரிய தொகுப்பிலேயே தீராத இந்தப் பிரச்சினை, மின்னோட்டமே குறைந்த சிறுதொகுப்பில் இன்னும் கடினமாகிறது. முனைகளுக்கிடையிலான சமனின்மையை நோக்கும் முறைகளும், பொறியின் ஒழுங்கற்ற அலையை அடையாளம் காணும் முறைகளும் உள்ளன. பூரணமானதென்று ஒன்றைச் சொல்ல முடியாது. உயரழுத்தத்துக்கு உறையிட்ட கம்பியும், தாழ்வழுத்தத்தில் வீட்டுக்கு வீடு 30 மில்லியாம்பியர் கசிவுக்குத் துண்டிக்கும் சாதனமும் போட்டுவிடுவது, கண்டுபிடிக்க முடியாததைக் கண்டுபிடிக்க முயல்வதைவிட மேல்.

நம் அண்டை நாட்டில் 2025 பிப்ரவரி 9 அன்று நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து டிரான்ஸ்பார்மரைத் தொட்டதாக இலங்கையின் எரிசக்தி அமைச்சர் அறிவித்தார். தீவு முழுவதும் இருண்டது. குரங்கைக் குறித்துச் சிரித்தவர்கள் பலர். உண்மையில், விடுமுறை நாளாதலால் தேவை குறைந்து, வெயிலால் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்து, அதிர்வெண்ணைத் தாங்கி நிறுத்தும் கனத்த சுழல்யந்திரங்களின் பங்கு குறைந்திருந்த வேளை அது. மற்றொரு நாளில் ஒரு நிலையத்தோடு போயிருக்கக்கூடிய பழுது அன்று நாட்டையே கவிழ்த்தது. நுரைச்சோலை அனல் நிலையத்தின் மூன்று யந்திரங்களும் நின்றுபோனதால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு நீடித்தது. இங்கிலாந்தில் 2019 ஆகஸ்ட் 9 அன்று இடிவிழுந்தபோது கதை வேறு விதமானது: தீவாகிவிட்டோம் என்று தவறாக எண்ணிக்கொண்ட சிறு மின்நிலையங்கள் பல தாமாகவே விலகிக்கொள்ள, குறை மேலும் பெருகிப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். காவல் கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

பரிகாரங்களில் புதுமைக்குக் குறைவில்லை. கணிப்பொறியே ஒவ்வொரு கணமும் தொகுப்பின் நிலையை அறிந்து ரிலேக்களின் அளவுகளை மாற்றும் முறையைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் குவிந்து வருகின்றன. என் அபிப்பிராயத்தில், செய்தித்தொடர்பு அறுந்தால் காவலும் அறுந்துபோகும் எந்த ஏற்பாடும் கிராமத்துக்கு உகந்ததன்று. 1904-ஆம் ஆண்டிலேயே சார்லஸ் மெர்ஸும் பெர்னார்ட் பிரைஸும் காப்புரிமை பெற்ற ஒரு முறை உண்டு: ஒரு பகுதிக்குள் நுழையும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமமாயிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. இரண்டும் சமமில்லையென்றால் பழுது உள்ளேயே இருக்கிறது. மின்னோட்டம் 3,000 ஆனாலும் 170 ஆனாலும் கவலையில்லை. சிறுதொகுப்பின் எல்லை சிலநூறு மீட்டர்களாயிருக்கும்போது, இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைப்பது பெரிய செலவல்ல. அழுத்தம் சரிவதைக் கண்டு துண்டிக்கும் ரிலேயை அதற்குத் துணையாக வைத்தால், இன்வெர்ட்டரின் பலவீனமே நமக்கு அடையாளமாகிவிடும். ஏனெனில் பழுதின்போது மின்னோட்டத்தை உயர்த்த முடியாத சாதனம் அழுத்தத்தைக் கட்டாயம் கைவிடும்.

மொட்டைமாடித் தகடு வைத்தவர்கள், "வெயில் கொளுத்துகிறது, தகடு கண்ணெதிரே இருக்கிறது, ஊரில் கரண்ட் போனால் எங்கள் வீட்டிலும் போகிறதே!" என்று குறைப்படுவதுண்டு. தொகுப்பில் மின்சாரம் அற்றுப்போனால் 2 விநாடிக்குள் இன்வெர்ட்டரும் நிற்கவேண்டுமென்பது விதி. ஏனெனில் நிற்காவிட்டால், எல்.சி. என்னும் வேலை அனுமதி வாங்கி, கம்பியைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, கம்பி செத்துவிட்டதென்று நம்பிக் கம்பமேறும் லைன்மேனின் கையில் அந்த மின்சாரம் இறங்கும். 230 வோல்ட்டாக வீட்டிலிருந்து கிளம்புவது, டிரான்ஸ்பார்மரின் வழியே திரும்பி ஏறி 11,000 வோல்ட்டாகக் கம்பியில் நிற்கும் என்பதைப் பலர் அறியார். டீசல் ஜெனரேட்டரைச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் நேரே வீட்டு மெயினில் சொருகுகிறவர்களும் இதே பாவத்தைச் செய்கிறார்கள். கம்பியை எர்த் ராடால் பிணைத்துவிட்டே தொடவேண்டும் என்ற கட்டளை இத்தகையவர்களை நினைத்து உண்டானது.

ஆகவே பாட்டரியோடு தகடு வைக்கப்போகும் வீட்டுக்காரர்களுக்கும், தனித்து ஓடும் சூரிய நிலையத்தைக் கேட்டு மனுப்போடும் ஊராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தகட்டின் விலையையும் மானியத்தையும் கேட்பதற்கு முன்பு, தீவாக ஓடும்போது குறுக்குச் சுற்று நேர்ந்தால் எந்த பியூஸ் எத்தனை விநாடியில் போகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோடையில் அளந்த எர்த் தடையைக் கேளுங்கள். எழுதிக்கொடுக்க மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்த அன்றே ஊர் லைன்மேனை அழைத்து, தொகுப்பிலிருந்து உங்கள் மின்சாரத்தைப் பிரிக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று காட்டிவிடுங்கள். அது பூட்டக்கூடியதாகவும், கண்ணால் பார்த்தே திறந்திருப்பது தெரியக்கூடியதாகவும், உங்களைக் கேளாமலே அவர் கைக்கு எட்டக்கூடிய இடத்திலும் இருக்கட்டும்.